மைக்கேல் பாரடே அல்லது குறைத்து மதிப்பதால் வரும் கேடு

அரிசியை அளக்கப் படி உண்டு. பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. நிலத்தை அளக்கச் சங்கிலி உண்டு. மனிதனை அளப்பதற்கு மாத்திரம் இதுவரை ஒருவரும் சரியான அளவுகோல் செய்தாரில்லை. ஆயினும் நாம் நாள்தோறும் மனிதரை அளந்துகொண்டேயிருக்கிறோம். தகப்பன் செய்யும் தொழில், உடுத்தியிருக்கும் உடை, பேச்சின் நயம், பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கு ஆகிய இவற்றைக் கொண்டு, இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறரை இவ்வாறு அளக்கும் நாம், நம்மையும் அதே கோலால் அளந்து, நமக்கு விதித்தது இவ்வளவே என்று அடங்கிவிடுகிறோம்.

தன்னை மிகுத்து மதிப்பவனுக்கு உலகம் விரைவில் பாடம் கற்பித்துவிடும். அவன் முயல்வான், தோற்பான், தோற்றபின் திருந்துவான். குறைத்து மதிக்கப்பட்டவனுடைய நிலையோ வேறு. முயற்சியே நடவாதபோது மதிப்பிட்டவர் செய்த தவறு எங்ஙனம் வெளிப்படும்? விதையாத நிலத்தில் எத்தனை கலம் விளைந்திருக்கும் என்று யார் கணக்கிட வல்லார்? குறைத்து மதிப்பதன் பெருங்கேடு இதுவே: அதனால் வரும் நஷ்டம் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. நஷ்டத்தைக் காணாதவர் தம் தவற்றையும் உணர்வதில்லை.

அபூர்வமாகச் சில பெரியோர் சரித்திரங்களில், உலகம் இழக்கவிருந்த செல்வம் மயிரிழையில் தப்பியிருப்பதைக் காண்கிறோம். அங்ஙனம் தப்பியமையாலேயே, எவ்வளவு பெரிய நஷ்டம் நேரவிருந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க நமக்கு இயலுகிறது. மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியின் சரித்திரம் அத்தகையது. நமது குடும்பங்களிலுள்ள பெரியோரும் இளைஞரும் ஒருங்கே அறியத்தக்கதாகையால் அதனை இங்கே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் தேதி, லண்டனை அடுத்த நியூவிங்டன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் என்பவர் கொல்லுத் தொழில் செய்து பிழைத்தவர். அதிலும் உடல் நலம் குன்றியவராகையால், உலைக்களத்தில் நாள் முழுதும் நின்று உழைக்க இயலாதவர். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம். தானிய விலை ஏறியிருந்த 1801ஆம் ஆண்டில், சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்ததாகச் சரித்திரக்காரர் கூறுவர். எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவரது பள்ளிப் படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் அவர் ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் எடுபிடிப் பையனாக அமர்ந்தார். வாடகைக்கு விடப்படும் பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, குறித்த நேரத்தில் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. ஓராண்டு கழிந்தபின், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்பதற்கு ஏழாண்டு ஒப்பந்தத்தின் பேரில் ரீபோ அவரைச் சேர்த்துக்கொண்டார். தொழில் பழகுவதற்கு வழக்கமாகச் செலுத்த வேண்டிய பணத்தை அவரிடம் வாங்கவில்லை. பாரடேயின் மதிப்பை முதன்முதல் அறிந்தவர் இந்த வியாபாரியே எனலாம். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் பையன் பிரித்துப் படிப்பதைக் கண்டு அவர் கடிந்துகொள்ளவில்லை, படிக்க இடங்கொடுத்தார்.

அவ்விதம் கைக்கு வந்த புத்தகங்களுள் இரண்டு பாரடேயின் வாழ்வை மாற்றின. ஒன்று பிரிட்டானிகா கலைக்களஞ்சியம். அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையை அவர் ஆவலுடன் கற்றார். மற்றொன்று ஜேன் மார்செட் என்னும் அம்மையார், ரசாயன சாஸ்திரத்தைச் சம்பாஷணை ரூபமாக எழுதி 1806ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். அந்நூல் பெண்களுக்கு விளங்கும்பொருட்டு ஒரு பெண்மணியால் எழுதப்பட்டது. முதலில் அதில் ஆசிரியர் பெயர்கூட அச்சிடப்படவில்லை. அக்காலத்துக் கல்விமான்கள் அதனைப் பெரிதாக மதித்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு பைண்டிங் கடைப் பையனை ரசாயன சாஸ்திரியாக்கியது அந்நூலே. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பின்னரும், அவ்வம்மையாரைத் தம் முதல் ஆசிரியராகவே பாரடே போற்றி வந்தார்.

படித்ததை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில்லறைக் காசுகளைக் கொண்டு சிறு சாமான்கள் வாங்கி, நூலிற் கண்டவற்றைத் தாமே செய்து பார்த்தார். 1810ஆம் ஆண்டு முதல், டேட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த விஞ்ஞான உபந்நியாசங்களுக்குச் சென்றார். ஒவ்வோர் உபந்நியாசத்திற்கும் ஒரு ஷில்லிங் கட்டணம். அதனைக் கொடுத்தவர் அவருடைய தமையனார் ராபர்ட். தமையனாரும் தந்தையைப் போலவே கொல்லர். தமக்கு விளங்காத ஒரு வித்தைக்காகத் தம்பிக்கு ஷில்லிங் கொடுத்த அவ்வண்ணனை நாம் மறத்தலாகாது. தம்பி என்னவாகப் போகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாதபோதும், பயனில்லை என்று அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்துபோகும் கனவான் ஒருவர் பாரடேயின் ஆர்வத்தைக் கண்டு, ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி செய்யவிருந்த உபந்நியாசங்களுக்கு அநுமதிச் சீட்டுக் கொடுத்தார். டேவி அக்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த ரசாயன சாஸ்திரி. நான்கு உபந்நியாசங்களைப் பாரடே கேட்டார். கேட்டவற்றைப் படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே அழகாகப் பைண்டு செய்தார். அவ்வாண்டின் இறுதியில் அப்புத்தகத்தை ஒரு விண்ணப்பத்துடன் டேவிக்கு அனுப்பினார். இதற்கு முன்னரே ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதில் பெறாமல் ஏமாந்தவர் அவர். ஒருமுறை பதில் வராதபோது, தமக்கு இது தகாது என்று முடிவு செய்து அவர் ஓய்ந்திருப்பாரானால், இச்சரித்திரமே இல்லை. கொல்லர் மகன் மறுபடியும் எழுதத் துணிந்ததை அகந்தை என்று நாம் கூறோம். தன் தகுதியைச் சோதிக்கும் உரிமையைத் தானே பறித்துக்கொள்ளாத அறிவு என்றே கூறுவோம்.

டேவி அன்புடன் பதில் எழுதி, 1813ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை நேரில் அழைத்துப் பேசினார். ஆனால் அவர் கூறிய புத்திமதி யாது? விஞ்ஞானம் பணம் தராத கடினமான எஜமானி. தெரிந்த பைண்டிங் தொழிலையே செய்து வருவது நலம். நிலையத்துப் புத்தகங்களைப் பைண்டு செய்யும் வேலையைத் தருகிறேன் என்பதுதான்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று யோசித்தல் வேண்டும். டேவி துஷ்டரல்லர். ஏழைப் பையன் கஷ்டப்படக் கூடாதே என்னும் கருணையினாலேயே அவ்வாறு கூறினார். மேலும் அவரும் செல்வக் குடியிற் பிறந்தவரல்லர்; மரத்தில் சித்திரவேலை செய்பவரின் மகன்; இளமையில் தந்தையை இழந்து, ஒரு வைத்தியரிடம் தொழில் பழகி, தம் முயற்சியால் உயர்ந்தவர். தாம் ஏறிவந்த ஏணியில் மற்றொருவன் கால் வைக்கக் கண்டும், அவன் யார் என்று அவருக்கு அப்போது புலப்படவில்லை. பகைவர் செய்யும் அவமதிப்பு நமக்குச் சினமூட்டி நம்மை எழச் செய்யும். அன்பர் செய்யும் குறைமதிப்போ நம்மைத் தாலாட்டி உறங்கச் செய்யும். நமது வீடுகளில் பிள்ளைகளிடம் நாம் அன்பினால் கூறும் வார்த்தைகளுள் இத்தகையவை எத்தனை என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பாரடே பைண்டிங் தொழிலுக்கே திரும்பினார். அதன்பின் நடந்தது தற்செயல். ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் அங்கே சச்சரவில் ஈடுபட்டு வேலையினின்று நீக்கப்பட்டார். டேவிக்குப் பாரடேயின் நினைவு வந்தது. அவ்வேளையில் நிலையத்து நிர்வாகி ஒருவர், அப்பையனைப் புட்டி கழுவச் சொல்லிப் பார்க்கலாம் என்றும், உதவாதவனானால் மறுத்துவிடுவான் என்றும் யோசனை கூறியதாகவும், அதைவிட மேலான வேலையையே கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று டேவி விடையிறுத்ததாகவும் ஒரு வரலாறு உண்டு. 1813ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் தேதி பாரடே அவ்வேலையில் நியமிக்கப்பட்டார். சிறு சம்பளமும், தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன. உதவியாளர் ஒருவர் சண்டையிட்டிராவிட்டால், உலகத்திற்குப் பாரடே கிடைத்திருப்பது சந்தேகமே.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியாருடன் ஐரோப்பா யாத்திரை புறப்பட்டார். பாரடே விஞ்ஞான உதவியாளராக உடன் சென்றார். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்தமையால், அவ்வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியாரோ அவரை வேலைக்காரராகவே நடத்தினார். சாப்பாடும் வேலைக்காரருடன் என்றாயிற்று. மனம் நொந்து ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. ஆயினும் பொறுத்தார். அவ்வொன்றரை ஆண்டில் பாரிஸிலும் இத்தாலியிலும் ஜினீவாவிலும் ஆம்பியர், வோல்ட்டா முதலிய மகா பண்டிதர்களைக் கண்டார். டேவியின் ஆராய்ச்சி முறையை அருகிலிருந்து கற்றார். பிறர் தம்மை வைத்த இடத்திற்கும் தாம் கற்கவேண்டிய வித்தைக்கும் சம்பந்தமில்லை என்று கண்டதே அவர் பெருமை.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்து ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு வெளியிட்டார். மறுவருஷம் செப்டம்பரில் பாரடே, மின்சாரம் பாயும் கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றி ஓயாமல் சுழலும்படி செய்து காட்டினார். இன்று நாம் காணும் மின் விசிறிக்கும் மோட்டாருக்கும் மூலம் அச்சுழற்சியே. ஆனால் உல்லாஸ்டன் என்னும் மூத்த விஞ்ஞானி டேவியுடன் இதுபோன்ற முயற்சி ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் பாரடே தம் கட்டுரையை அச்சிட்டபடியால், பிறர் கருத்தைத் திருடினார் என்ற பழி எழுந்தது. உல்லாஸ்டன் செய்ய முயன்றது வேறு, பாரடே செய்தது வேறு. எனினும் உதவியாளன் ஒருவன் தானே புதிது கண்டிருப்பான் என்று நம்புவதைவிட, எஜமானரிடம் களவாடினான் என்று நம்புவது பலருக்கு எளிதாக இருந்தது.

1823இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகப் பாரடேயின் பெயரை நண்பர்கள் பிரேரேபித்தபோது, அச்சபையின் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். பெயரைத் திரும்பப் பெறும்படியும் வற்புறுத்தினார். எனினும் 1824ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8ஆம் தேதி பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். இரகசிய வாக்கில் எதிராக விழுந்தது ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று ஆராய்வது நமது வேலையன்று. புட்டி கழுவும் வேலைக்கு மேற்பட்டவன் என்று ஒருகாலத்தில் கண்டுகொண்ட அதே கண், தமக்கு நிகராக அவன் எழுந்தபோது காணமாட்டாது போயிற்று என்பதே நாம் வருந்தத்தக்கது.

அப்பழிக்குப் பிறகு பாரடே மின்காந்த ஆராய்ச்சியைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். இடையிடையே செய்த சில சோதனைகள் பலிக்கவில்லை. ரசாயனத்தில் பென்ஸீன் என்னும் பொருளை 1825இல் கண்டார். தொலைநோக்கிகளுக்கு உதவும் உயர்ந்த கண்ணாடி செய்யும் வேலை அவர்மேல் சுமத்தப்பட்டு, பல ஆண்டுகளை விழுங்கியது. அவ்வேலையும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1829இல் டேவி காலமானார். 1831ஆம் ஆண்டில் பாரடே பழைய ஆராய்ச்சிக்கு முழுமனத்துடன் திரும்பினார். ஆகஸ்டு 29ஆம் தேதி, இரும்பு வளையம் ஒன்றில் தனித்தனியே சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்களுள் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும், மற்றதில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். அக்டோபரில், சுருளினுள் காந்தத்தை நுழைத்து எடுத்தாலும் மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். டைனமோவும் டிரான்ஸ்பார்மரும் இதனின்றே பிறந்தன. நீலகிரியில் பைக்காரா நீர்வீழ்ச்சியைக் கொண்டு 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் இதே நியாயத்தால்தான். முதற் சுழற்சிக்கும் இக்கண்டுபிடிப்புக்கும் இடையே கழிந்தவை பத்து ஆண்டுகள். அவற்றுள் எத்தனை ஆண்டு அவதூறுக்கும் அதனால் வந்த ஒதுக்கத்திற்கும் இரையாயின என்பதை யாரும் அறுதியிட முடியாது. கண்ணில் படாத நஷ்டம் என்று நாம் தொடக்கத்தில் கூறியது இதனையே.

வேறொரு குறைமதிப்பும் பாரடேயைத் தொடர்ந்தது. அவர் உயர்கணிதம் கற்றவரல்லர். காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் வளைந்து வளைந்து வரிசைப்படுவதை உற்று நோக்கி, வெறுமையென்று பிறர் கருதிய இடத்தில் விசைக் கோடுகள் நிறைந்திருப்பதாக அவர் எண்ணினார். கணித பண்டிதர்கள் அவருடைய சோதனைகளை மெச்சினர். கொள்கையை மாத்திரம் தெளிவற்றதென்று ஒதுக்கினர். கைத்திறன் உள்ளவர், சிந்தனைத்திறன் இல்லாதவர் என்பது அவர்கள் எண்ணம் போலும். பாரடே தம் கணிதக் குறையை ஒருபோதும் மறைத்ததில்லை. அதற்காகத் தம் கண்கள் கண்டதைப் பொய்யென்று கைவிட்டதுமில்லை. காந்த விசை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு அலைபோலப் பரவுவதற்குக் காலம் செல்லும் என்ற தம் கருத்தை 1832ஆம் ஆண்டில் ஒரு காகிதத்தில் எழுதி, முத்திரையிட்டு ராயல் சொஸைட்டியில் ஒப்படைத்தார். சோதனையால் நிரூபிக்க அப்போது வழியில்லாமையால் வெளியிடவில்லை. ஆயினும் கிழித்தெறியவுமில்லை. நூறாண்டுக்கு மேற்பட்டபின் அம்முத்திரை உடைக்கப்பட்டபோது, அவர் எவ்வளவு தூரம் முன்னே கண்டிருந்தார் என்பது விளங்கிற்று.

முன்னர் வீணென்று தோன்றிய கண்ணாடி வேலையும் வீணாகவில்லை. அன்று செய்து வைத்த கனத்த கண்ணாடித் துண்டு ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தி, காந்தம் ஒளியின் தன்மையை மாற்றுகிறது என்பதை 1845இல் அவர் கண்டறிந்தார். மனிதரைப் போலவே, செய்யும் வேலையையும் அற்பமென்று அவசரத்தில் தள்ளிவிடலாகாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

பாரடே காந்தத்தால் மின்சாரம் பிறப்பதைக் கண்ட அதே 1831ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் மாக்ஸ்வெல் பிறந்தார். கணிதத்தில் கரைகண்ட இவ்விளைஞர், மின்சாரத்தைப் பற்றிய கணித நூல்களைத் தொடுமுன் பாரடேயின் ஆராய்ச்சிகளை முற்றும் படித்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டார். படித்தபின், பாரடேயின் சிந்தனையும் கணிதமே, குறியீடுகள் மாத்திரமே இல்லை என்று கண்டார். விசைக் கோடுகளைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை 1855ஆம் ஆண்டின் இறுதியிலும் 1856ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கேம்பிரிட்ஜில் படிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. பாரடேயோ அறுபதைக் கடந்தவர், நினைவாற்றல் தளர்ந்தவர். அக்கட்டுரையைக் கண்டு முதியவர் மகிழ்ந்தார். கணித முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதித் தரலாகாதா என்று பணிவுடன் கேட்டு எழுதினார். பெரியவர் இளையவரைப் பையனென்று தள்ளவில்லை. இளையவர் பெரியவரைக் கணிதமறியாதவர் என்று தள்ளவில்லை. இருவரும் ஒருவரையொருவர் சரியாக மதித்ததன் பயனை உலகம் பெற்றது. 1865இல் வெளியான மாக்ஸ்வெல்லின் கொள்கை, ஒளியும் மின்காந்த அலையே என்று காட்டிற்று. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். ரேடியோவும், இன்று சிறு குழந்தை கையிலும் காணும் கைப்பேசியும் அவ்வழி வந்தவை.

பாரடே சர் பட்டத்தை வேண்டாமென்றார். ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியை ஏற்கும்படி வேண்டியபோதும் மறுத்தார். தம்மைத் தாழ்வாக எண்ணியா மறுத்தார்? அன்று. அடக்கம் வேறு, தன்னைக் குறைத்து மதித்தல் வேறு. அடக்கமுடையவர் புகழை விலக்குவர், வேலையை விலக்கமாட்டார். தன்னைக் குறைத்து மதிப்பவனோ, எனக்கு எங்கே இயலும் என்று சொல்லி வேலையையே விலக்குகிறான். அதனை அடக்கம் என்று வேறு பெயரிட்டு அழைத்துக்கொள்கிறான். பாரடே பட்டத்தை மறுத்தாரேயன்றி, ஒரு நாளும் ஒரு சோதனையைத் தமக்கு மிஞ்சியதென்று மறுக்கவில்லை. தம்மை எதிர்த்த டேவியைப் பற்றியும் இறுதிவரை மரியாதையுடனேயே பேசினார். சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடைபெறும் உபந்நியாச வரிசையில், 1827 முதல் 1860 வரையிலான காலத்துள் 19 வரிசைகளைத் தாமே நடத்தினார். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பையன் எவன் என்னவாவான் என்பது யாருக்குத் தெரியும்? சீட்டுப் பெற்று அதே மண்டபத்தில் ஒருநாள் அமர்ந்திருந்தவரல்லவா அவர்! 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் தேதி, தம் நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் நீத்தார். அவருடைய விருப்பப்படி, ஆடம்பரமின்றி எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பர்களே! நமது பிள்ளைகள் எல்லோரும் பாரடே ஆவர் என்று நாம் கூறவில்லை. எவன் ஆவான், எவன் ஆகமாட்டான் என்று முன்கூட்டி அறியும் கண் நமக்கில்லை என்பதே நாம் கூறுவது. டேவிக்கே இல்லாத அக்கண் நமக்கு எங்ஙனம் வாய்க்கும்? ஆகையால் ஒரு பரீட்சையில் தவறியவனையும், கடையில் சரக்குக் கட்டும் பையனையும், புத்தகம் கேட்கும் பெண் குழந்தையையும் இவ்வளவுதான் என்று அளந்து மூடிவிடாதிருப்போம். ரீபோவைப் போலப் படிக்க இடங்கொடுப்போம். ராபர்ட்டைப் போல நமக்கு விளங்காத வித்தைக்கும் ஒரு ஷில்லிங் கொடுப்போம். இளைஞர்களோ, பெரியோர் அன்பினால் கூறும் குறைமதிப்பையும் மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, தம் கையிலுள்ள குறிப்புப் புத்தகத்தை மூடாமல் எழுதி வருவார்களாக. எழுதிய கடிதத்திற்குப் பதில் வராவிட்டால், இன்னொரு கடிதம் எழுதுவார்களாக. விதைத்த நிலம் பொய்த்தாலும் பொய்க்கலாம். விதையாத நிலம் விளைந்ததாக எந்நாட்டிலும் சரித்திரமில்லை.